கிராம்லிக் அண்ட் சன்ஸ்

சிவப்பு அட்டை என் சட்டைப்பையில் இருந்தது.
டொலிடோ எரிவாயுக் கம்பெனியில் பதினாறு வருஷம்,
மூக்குதான் என் பிழைப்பு.
மாடிப்படி ஏறும்போதே வந்துவிட்டது வாசம்,
முட்டைக்கோசுக்கு அடியில், மெல்லிசாக.

இல்கா பெரேனி கைமாவைத் துடைக்காமலே
கதவைத் திறந்தாள்.
"பூட்ஸில் பனி. உதறிவிட்டு வா."

சமையலறையில் பாதி இடம் அதற்கு.
சண்டைக்கு நிற்கும் புல்டாக் போல
நாலு வளைந்த கால்,
நாலு பர்னர், வயிற்றில் ஒரு ஓவன்.
நானூறு பவுண்டு வார்ப்பிரும்பு.
வீட்டுக்காரர்கள் ஐந்து பேர் மாறியாயிற்று,
இதைக் கீழே இறக்கும் இடுப்பு
ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

ஓவன் கதவில் புடைத்த எழுத்து:
கிராம்லிக் அண்ட் சன்ஸ், சாண்டஸ்கி, ஒஹாயோ.

சோப்புநுரை தடவினேன்.
மூன்றாவது வால்வு குமிழிவிட்டது,
தூங்கும் குழந்தையின் வாய்போல.
குமிழி வந்தால் அட்டை, அட்டை வந்தால் பூட்டு.
அவள் சண்டை போடவில்லை.
கரண்டி டிராயரை இழுத்துக் காட்டினாள்:
ஐம்பத்தெட்டு, எழுபத்துநாலு, தொண்ணூற்றொன்று,
மூன்று சிவப்பு அட்டை, மூன்று கையெழுத்து.
"அவர்களைக் கூப்பிடு" என்றாள்.
"யாரை?"
"செய்தவர்களை. போன வருஷம் குமிழ் அனுப்பினார்களே."

மணி இரண்டு அடிக்குள் எடுத்தார்கள்.
"சன்ஸ்" என்றது ஒரு பெண்குரல்.
மகன்களில் யாராவது இருந்தால் கொடுங்கள் என்றேன்.
"நூற்றுப்பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறோம்" என்றாள்,
"கண்ணில் பட்டால் சொல்லுங்கள்."

பெயர் மேவிஸ். பின்னால் ஏதோ ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.
ரம்பத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னாள்:
மோரிட்ஸ் கிராம்லிக், கல்யாணத்துக்கு முந்தின மாதம்,
பேரிமரத்தில் அச்சு செதுக்கும்போதே
மகன்களையும் செதுக்கிவிட்டான்.
பிறந்தது நாலும் பெண்.
எழுத்தை மாற்றப் பதினோரு டாலர்,
அந்த வாரம்தான் நிலக்கரிக்காரன் வாசலில்.
சரி, அடுத்த வருஷம் என்றான்.
அடுத்த வருஷமும் அதையே சொன்னான்.

வில்ஹெல்மினா கணக்கு. க்ளோதில்ட் உலை.
டோரதியா கடிதம் எழுதினாள்,
"மதிப்பிற்குரிய ஐயா" என்று வந்ததற்கெல்லாம்
டி. கிராம்லிக் என்று பதில் போட்டு
ஐயாவாகவே இருந்துவிட்டாள் நாற்பது வருஷம்.

"பின்பக்க எண் என்ன?"
டார்ச்சோடு தரையில் படுத்தேன்.
இரண்டு இரண்டு பூஜ்யம் ஏழு.
தூசிக்கும் பழைய கொழுப்புக்கும் கீழே
எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு கட்டைவிரல். ரேகையோடு. இரும்பில்.
சொன்னேன்.
ரம்பம் நின்றது. காகிதம் புரளும் சத்தம்.
"இடது கையா?"
என் கையை வைத்துப் பார்த்தேன். இடதுதான்.
"ஓட்டிலி. மணல் அச்சு அவளுடையது.
அவசரத்தில் தூக்கியிருக்கிறாள்,
அன்றைக்கு அவளுக்கு நடன நிகழ்ச்சி இருந்ததாம்.
தள்ளுபடி விலை என்று எழுதியிருக்கிறது, பழுதுக்காக."

இல்காவும் குனிந்து பார்த்தாள்.
பதினெட்டு வருஷமாக இதில் சமைக்கிறாள்,
பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை வந்தது வால்வு,
சாண்டஸ்கி செய்தித்தாளில் சுற்றி.
பில்லில் மேவிஸ் கையெழுத்து இல்லை.
நன்றியுடன், சன்ஸ்.

என் முறை இல்லாத நாள், ஆனாலும் போனேன்.
திருகினேன், நுரை தடவினேன், காத்திருந்தேன்.
ஒன்றும் ஊதவில்லை.
தீக்குச்சி கிழித்தாள். நீல வளையம்,
ஒரு துளை மட்டும் பிடிவாதமாக மஞ்சள்.
"அது அப்படித்தான்" என்றாள்.

வெட்டிய அட்டையை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், விதி.
அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.
டிராயர் மூடியது.

படி இறங்கினேன்.
மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி,
முட்டைக்கோசு,
முட்டைக்கோசு மட்டும்.